5,000 கி.மீ தூரம், 9 சீட், குட்டி ஓடுபாதை... மிட்-சைஸ் பிசினஸ் ஜெட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்குமா?

தொழிலதிபர்களும் விளையாட்டுப் பிரபலங்களும் தனி விமானத்தில் வந்து இறங்கும் வீடியோக்கள் செல்போனில் அடிக்கடி கண்ணில் படும். அந்த விமானங்களில் கணிசமானவை 'மிட்-சைஸ்' எனப்படும் நடுத்தர ரக ஜெட்கள். "இத்தனை பேர் போகலாம், இவ்வளவு தூரம் பறக்கும், இவ்வளவு சின்ன ஓடுபாதை போதும்" என்று இவற்றைப் பற்றி அடுக்கடுக்காக எண்கள் சொல்லப்படும்.

அந்த எண்கள் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கு இடிக்கும். சில நேரம் விபத்திலும் போய் முடியும்.

அமெரிக்காவின் 'செஸ்னா சைட்டேஷன் லேட்டிட்யூட்' என்ற மிட்-சைஸ் ஜெட்டை உதாரணமாக வைத்து, இந்தக் கணக்கை எளிமையாகப் பார்ப்போம்.

மிட்-சைஸ் ஜெட் என்றால் என்ன?

பிசினஸ் ஜெட்களைப் பொதுவாக லைட், மிட்-சைஸ், சூப்பர் மிட்-சைஸ், லார்ஜ் என்று பிரித்துச் சொல்வார்கள். இது சட்டம் போட்டுப் பிரித்த பிரிவு அல்ல. விமானத் துறையில் பழகிப்போன வகைப்பாடு, அவ்வளவுதான்.

எம்ப்ரேயர் ஃபீனோம் 300 லைட் ரகம். பம்பார்டியர் சேலஞ்சர் 350 சூப்பர் மிட்-சைஸ். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 லார்ஜ். இதில் லைட்டுக்கும் சூப்பர் மிட்-சைஸுக்கும் நடுவில் வருவதுதான் மிட்-சைஸ். ஹாக்கர் 800, லியர்ஜெட் 60 ஆகியவை இந்த ரகத்தில் பல ஆண்டுகள் ஓடிய பெயர்கள்.

ஆறேழு பேர் வசதியாக உட்கார வேண்டும், நடுவில் எங்கும் இறங்காமல் நான்கைந்து மணி நேரம் பறக்க வேண்டும், பெரிய விமானங்கள் இறங்க முடியாத சின்ன ஊர்களிலும் இறங்க வேண்டும். இந்த மூன்றையும் எதிர்பார்ப்பவர்கள்தான் மிட்-சைஸ் ஜெட்டைத் தேடுகிறார்கள்.

லேட்டிட்யூட் எப்படி வந்தது?

2011 அக்டோபரில் செஸ்னா நிறுவனம் இந்த விமானத்தை அறிவித்தது. 2014 பிப்ரவரி 18-ம் தேதி முதன்முறையாகப் பறந்தது. 2015 ஜூனில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ சான்றிதழ் கொடுத்தது. செஸ்னாவின் தாய் நிறுவனம் டெக்ஸ்ட்ரான். கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில்தான் இதன் தயாரிப்பு.

நீளம் சுமார் 19 மீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 22 மீட்டர். பின்பகுதியில் இரண்டு பிராட் அண்ட் விட்னி கனடா இன்ஜின்கள். ஒவ்வொன்றும் 5,907 பவுண்டு உந்துவிசை தரக்கூடியது.

காக்பிட்டில் கார்மின் ஜி5000 கருவித் தொகுப்பு. மூன்று பெரிய திரைகள், கைவிரலால் தொட்டு இயக்கும் நான்கு சின்னத் திரைகள். வேகத்துக்கு ஏற்ப இன்ஜின் விசையைத் தானே சரிசெய்யும் 'ஆட்டோ த்ராட்டில்' வசதியும் உண்டு. இவ்வளவு இருந்தும் ஓட்டுவதற்கு 2 பைலட்டுகள் தேவை.

உள்ளே என்ன ஸ்பெஷல்?

இந்த ரக விமானங்கள் பலவற்றில் நடுவழி மட்டும் பள்ளமாக இருக்கும். சீட்டில் இருந்து எழுந்தால் ஒரு படி கீழே கால் வைக்க வேண்டும். லேட்டிட்யூடில் தரை முழுக்கத் தட்டை. சைட்டேஷன் வரிசையில் இந்த வசதி வந்தது இதில்தான் முதல்முறை.

உள் உயரம் 1.83 மீட்டர், அதாவது 6 அடி. அகலம் சுமார் 1.96 மீட்டர். சராசரி உயரம் உள்ளவர் குனியாமல் நடக்கலாம். அதிகபட்சம் 9 பயணிகள் உட்காரலாம்.

45,000 அடி உயரம் எதற்கு?

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 33,000 அடி முதல் 40,000 அடி வரையிலான உயரத்தில் பறக்கும். லேட்டிட்யூட் 45,000 அடி வரை ஏறலாம். அங்கே மற்ற விமானங்களின் நெரிசல் குறைவு. மோசமான வானிலை பெரும்பாலும் கீழேயே இருந்துவிடும். காற்று மெலிந்திருப்பதால் எரிபொருளும் மிச்சமாகும்.

அந்த உயரத்தில் வெளிக்காற்றை வைத்து மனிதர் உயிர்வாழ முடியாது. அதனால் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றப்படுகிறது. 45,000 அடியில் பறந்தாலும் லேட்டிட்யூட் உள்ளே இருப்பவர்களுக்கு 5,950 அடி உயரத்தில் இருப்பது போன்ற காற்றுதான் கிடைக்கும். கிட்டத்தட்ட குன்னூரில் நின்று மூச்சு விடுவது மாதிரி. பெரிய பயணிகள் விமானங்களுக்கு விதிப்படி 8,000 அடி வரை அனுமதி உண்டு. அது ஊட்டியைவிட உயரம். உள் அழுத்தம் நன்றாக இருந்தால் இறங்கும்போது தலைவலியும் அசதியும் குறைவு.

இதில் ஆபத்தும் இருக்கிறது. உயரத்தில் அழுத்தம் போய்விட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும். 1999 அக்டோபர் 25-ம் தேதி அமெரிக்க கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் சென்ற லியர்ஜெட் 35 விமானத்தில் இதுதான் நடந்தது. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கிளம்பிய விமானம், உள்ளே இருந்தவர்கள் செயலிழந்த நிலையில் தானாகவே பல மணி நேரம் பறந்து, தெற்கு டகோட்டாவில் விழுந்தது. அதில் இருந்த 6 பேரும் உயிரிழந்தனர்.

45,000 அடி என்ற எண்ணுக்கும் நிபந்தனை உண்டு. டேங்க் நிறைந்து கனமாகக் கிளம்பும் விமானம் நேராக அந்த உயரத்துக்குப் போய்விடாது. எரிபொருள் தீர்ந்து எடை குறையக் குறையத்தான் மேலே ஏறும்.

9 பேரும் ஏறி, டேங்கும் ஃபுல்... முடியுமா?

முக்கியமான கணக்கு இதுதான். தோராயமான எண்களில் பார்ப்போம்.

* விமானம், 2 பைலட்டுகள், அடிப்படைப் பொருட்கள்: சுமார் 8,460 கிலோ
* முழு டேங்க் எரிபொருள்: சுமார் 5,170 கிலோ
* தரையில் நகரத் தொடங்கும்போது அனுமதிக்கப்படும் அதிகபட்ச எடை: சுமார் 14,080 கிலோ

முதல் இரண்டையும் கூட்டினால் 13,630 கிலோ. மீதம் சுமார் 450 கிலோ மட்டுமே. டேங்க் ஃபுல்லாக இருந்தால் பயணிகள், பெட்டிகள், கூடுதல் சாமான் எல்லாம் சேர்த்து இந்த 450 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

பெட்டியோடு சேர்த்து ஒருவருக்கு 100 கிலோ என்று வைத்தால், 4 பேருக்கு மட்டும்தான் இடம். ஐந்தாவது ஆள் ஏற வேண்டும் என்றால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்.

9 பேர் ஏறினால் 900 கிலோ. அப்போது 450 கிலோ எரிபொருளைக் குறைத்துக்கொண்டுதான் கிளம்ப முடியும். அதனால் பறக்கும் தூரத்தில் சில நூறு கிலோமீட்டர் குறையும்.

இத்தனைக்கும் விமானத்தால் அதிக எடையைச் சுமக்க முடியாது என்றில்லை. பயணிகளும் சாமானுமாக அதிகபட்சம் சுமார் 1,150 கிலோ வரை ஏற்றலாம். ஆனால் அந்தச் சுமையும் முழு டேங்கும் ஒன்றாகச் சேராது. சோஃபா, கூடுதல் அலமாரி என்று உள் அலங்காரத்தை ஏற்றினால் மீதி 450 கிலோவும் இன்னும் சுருங்கும்.

5,000 கி.மீ எப்போது 4,000 கி.மீ ஆகும்?

லேட்டிட்யூட் பறக்கும் அதிகபட்ச தூரம் 2,700 நாட்டிக்கல் மைல், அதாவது 5,000 கி.மீ. அதிகபட்ச பயண வேகம் மணிக்கு சுமார் 826 கி.மீ. இந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

5,000 கி.மீ என்பது 4 பயணிகளுடன், எரிபொருளை மிச்சப்படுத்தும் வேகத்தில், எதிர்க்காற்று இல்லாத வானத்தில் போட்ட கணக்கு. போய்ச் சேரும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையத்துக்குப் போகவும், சிறிது நேரம் வட்டமடிக்கவும் தேவையான எரிபொருளை ஒதுக்கிய பிறகு வரும் தூரம் இது.

எதிர்க்காற்று வந்தால் என்ன ஆகும்? விமானத்தின் வேகம் மணிக்கு 750 கி.மீ என்று வைத்துக்கொள்வோம். 5,000 கி.மீ போக சுமார் 6 மணி 40 நிமிடம் ஆகும். டேங்கில் அவ்வளவு நேரத்துக்குத்தான் எரிபொருள் இருக்கிறது. எதிரே மணிக்கு 150 கி.மீ வேகத்தில் காற்று அடித்தால், தரையைப் பொறுத்தவரை விமானம் மணிக்கு 600 கி.மீ தான் நகரும். அதே 6 மணி 40 நிமிடத்தில் கடப்பது 4,000 கி.மீ.

நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வான்வழியில் சுமார் 3,980 கி.மீ. குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் ஸ்ட்ரீம்' எனப்படும் பலமான காற்று ஓடும். கிழக்கே போகும்போது அது தள்ளிவிடும். மேற்கே போகும்போது அதுவே முட்டும். அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் போன அதே விமானம், திரும்பி வரும்போது நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வரலாம்.

சின்ன ஓடுபாதை போதுமா?

லேட்டிட்யூட் மேலெழத் தேவையான ஓடுபாதை நீளம் 3,580 அடி, அதாவது 1,091 மீட்டர். சக்கரம் தரையை விட்டு எழும் இடம் வரை மட்டும் அளந்த தூரம் இல்லை இது. ஓடும்போது நடுவில் ஓர் இன்ஜின் நின்றுவிட்டால், ஓடுபாதைக்குள்ளேயே நிற்கவோ, மிச்சமிருக்கும் ஓர் இன்ஜினை வைத்துப் பாதுகாப்பாக மேலே ஏறவோ தேவையான இடமும் இதற்குள் அடக்கம்.

நிபந்தனை என்ன? கடல் மட்டம், 15 டிகிரி வெப்பம். இந்த இரண்டும் மாறினால் எண்ணும் மாறும். உயரமான இடத்திலும் வெயில் காலத்திலும் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இன்ஜின் விசையும் சேர்ந்தே குறையும். அதனால் அதிக தூரம் ஓடவேண்டும்.

பணக்காரர்கள் பனிச்சறுக்கு விளையாடப் போகும் கொலராடோவின் ஆஸ்பென் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 7,800 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதை சுமார் 8,000 அடி. பார்க்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் கோடை மதியத்தில், மலைகளுக்கு நடுவே, முழு டேங்குடன் அங்கிருந்து கிளம்புவது எளிதல்ல. ஓடுபாதை நீளமாக இருந்தாலும், ஓர் இன்ஜின் நின்றால் மலையைத் தாண்டி ஏற முடியுமா என்ற கேள்வியும் வரும். எரிபொருளைக் குறைத்துக் கிளம்பி, வேறு ஊரில் இறங்கி நிரப்பிக்கொள்வது அங்கே சகஜம்.

தரையிறங்கும் கணக்கு என்ன?

தரையிறங்கத் தேவையான தூரம் 2,480 அடி, அதாவது சுமார் 756 மீட்டர். இது காய்ந்த ஓடுபாதையில், சரியான உயரத்தில், சரியான வேகத்தில் வந்து, உடனே பிரேக் பிடிப்பதாக வைத்துப் போட்ட எண்.

நிஜத்தில் எல்லாமே அப்படிக் கச்சிதமாக அமையாது என்பது விதிகளை எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் வாடகைக்கு ஓடும் ஜெட்களுக்கு அமெரிக்காவில் பொதுவாக ஒரு விதி இருக்கிறது. ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட முடியும் என்ற கணக்கு வந்தால்தான் அந்த விமான நிலையத்துக்குக் கிளம்பலாம். அந்தக் கணக்கில் 2,480 அடி என்பது சுமார் 4,130 அடி ஆகிவிடும். ஓடுபாதை ஈரமாக இருக்கும் என்று தெரிந்தால் அதில் இன்னும் 15 சதவீதம் கூட்ட வேண்டும். சுமார் 4,750 அடி. விளம்பர எண்ணைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சொந்தக்காரர் தன் விமானத்தில் தானே போகும்போது இந்த 60 சதவீத விதி கட்டாயமில்லை. பாதுகாப்புக்கான இடைவெளியை எவ்வளவு வைப்பது என்பது பெருமளவு பைலட் கையில் விடப்படுகிறது.

2019-ல் என்ன நடந்தது?

2019 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் பிரபல கார் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், அவரது மனைவி, மகள் ஆகியோர் ஒரு சைட்டேஷன் லேட்டிட்யூடில் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்டன் விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஓடுபாதை சுமார் 4,500 அடி. விளம்பரத்தில் சொல்லும் 2,480 அடியைவிட எவ்வளவோ அதிகம்.

ஆனால் விமானம் வேகமாக வந்தது. தரையைத் தொட்டதும் துள்ளி மேலே எழுந்தது. மறுபடி தொட்டு, மறுபடி துள்ளியது. கடைசியில் சக்கர அமைப்பு உடைந்து, ஓடுபாதையைத் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்தில் போய் நின்றது. பிறகு தீப்பிடித்தது. மூன்று பயணிகள், இரண்டு பைலட்டுகள், கூட வந்த நாய் என எல்லாருமே வெளியேறி உயிர் தப்பினர்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2020-ல் காரணத்தைச் சொன்னது. வருகை சீராக இல்லை என்பதற்கான அறிகுறிகள் தெரிந்தும் பைலட் தொடர்ந்து இறங்கினார். தரையைத் தொடும் முன்பே மேலே எழுந்து மறுபடி சுற்றி வர பைலட்டுகள் முடிவெடுக்கவில்லை. இதுவே முக்கியக் காரணம்.

முதல்முறை தொட்டபோது, காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் 'ஸ்பீடு பிரேக்' விரிக்கப்படவில்லை. இன்ஜின் விசையை எதிர்த்திசையில் திருப்பும் 'த்ரஸ்ட் ரிவர்சர்' அமைப்பை இயக்கிய பிறகு மீண்டும் மேலெழவும் முயற்சி நடந்தது. இவையும் விபத்துக்குத் துணைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. த்ரஸ்ட் ரிவர்சரைத் திறந்துவிட்டால் ஓடுபாதையிலேயே நிற்பதுதான் ஜெட் விமானங்களில் பொதுவான பாடம்.

2,480 அடி என்ற எண் அன்றும் சரியாகத்தான் இருந்தது. அந்த எண்ணுக்கான நிபந்தனைகள்தான் அங்கே இல்லாமல் போய்விட்டன.

யார் வாங்குகிறார்கள்? எரிபொருள் எவ்வளவு?

லேட்டிட்யூடின் பெரிய வாடிக்கையாளர் நெட்ஜெட்ஸ் நிறுவனம். வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே குழுமத்தைச் சேர்ந்தது. 2012-ல் 150 லேட்டிட்யூட் வரை வாங்குவதற்கு ஒப்பந்தம் போட்டது. 1986-லிருந்தே ஒரு விமானத்தைப் பலர் பங்கு போட்டு வாங்கும் திட்டத்தை இந்த நிறுவனம் நடத்துகிறது. 16-ல் ஒரு பங்கு வாங்கினால் ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கலாம்.

முழு டேங்கில் சுமார் 6,400 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். அது முழுக்க எரிந்தால் சுமார் 16 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். இதை 4 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 4 டன். பயணிகள் விமானத்தோடு ஒப்பிட்டால் தனி ஜெட்கள் ஒரு பயணிக்கு 5 முதல் 14 மடங்கு அதிகம் மாசுபடுத்துவதாக, ஐரோப்பாவின் 'டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட்' அமைப்பு 2021-ல் கூறியது.

சுருக்கமாகச் சொன்னால்...

ஒரு பிசினஸ் ஜெட் பற்றிய எண்ணைப் பார்த்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

* இத்தனை கி.மீ பறக்கும் என்றால், எத்தனை பேருடன்? எந்த வேகத்தில்?
* இத்தனை பேர் போகலாம் என்றால், டேங்கில் எவ்வளவு எரிபொருள் மிச்சம்?
* இந்த ஓடுபாதை போதும் என்றால், எந்த உயரத்தில்? எந்த வெயிலில்? காய்ந்த தரையா, ஈரத் தரையா?
* போகும்போது சரி, திரும்பும்போது காற்று எந்தப் பக்கம்?

தனி விமானத்தில் விமானத்தின் சொந்தக்காரரே பின் சீட்டில் இருப்பார். அவருக்கு அவசரம் இருக்கும், கூட வருபவர்கள் இருப்பார்கள், பெட்டிகள் இருக்கும். "ஒரு பெட்டியை விட்டுட்டு வாங்க", "நடுவுல இறங்கி எரிபொருள் போடணும்", "இந்த முறை இறங்க வேண்டாம், ஒரு சுத்து சுத்தி வரலாம்" என்று முன் சீட்டில் இருக்கும் பைலட் தயங்காமல் சொல்ல வேண்டும், பின் சீட்டில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் இதற்கு எண் எதுவும் கிடையாது. ஆனால் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.